ஒரு நாளைக்கு ஒரு யூனிட்

கையெழுத்துப் போட்ட நாளிலிருந்தே மஞ்சுளாவுக்குப் பயம்தான். அதைக் கணவனிடம் சொல்லவில்லை.

அவள் கணவன் சரவணமுத்து குமாரபாளையத்தில் இருபத்திரண்டு வருடம் விசைத்தறி ஓட்டியவன். பஞ்சுத் தூசி நுரையீரலைத் தின்றுவிட்டது. ஒரு வருடமாகக் கட்டிலுக்குப் பக்கத்தில் ஆக்சிஜன் மிஷின் ஓடிக்கொண்டே இருக்கிறது. காற்றை இழுத்து, ஆக்சிஜனைப் பிரித்து, மூக்குக் குழாய் வழியாக அவனுக்குக் கொடுக்கும் மிஷின். அது வந்த பிறகு கரண்ட் பில் நான்கு மடங்கானது.

அப்போதுதான் அந்த சோலார் கம்பெனிக்காரர்கள் வந்தார்கள். முன்பணம் வேண்டாம், மொட்டை மாடியில் பேனலும் உள்ளே பேட்டரியும் மாட்டித் தருகிறோம், தவணையை மாதாமாதம் கரண்ட் பில்லோடு சேர்த்து ஏழு வருடம் கட்டினால் போதும் என்றார்கள். வீடு மஞ்சுளா பேரில் இருந்தது. கையெழுத்தைப் போட்டுவிட்டாள். பத்திரத்தின் பதினோராவது விதியை மறுநாள்தான் படித்தாள். பில்லை முழுவதும் கட்டாவிட்டால் மின் இணைப்பு துண்டிக்கப்படும் என்று அதில் இருந்தது.

தவணை பாக்கி என்றால் கரண்டும் போகும். கரண்ட் போனால், பேட்டரி தீர்ந்ததும் மிஷின் நிற்கும். அதற்கு மேல் யோசிக்க அவளுக்குத் தைரியம் இல்லை. சரவணமுத்துவிடம், "கவர்மெண்ட்ல சும்மா தர்றாங்களாமுங்க" என்று சொல்லிவிட்டாள். அவனுக்குக் கடன் என்றாலே ஆகாது.

வெயில் காலம் முழுக்கக் கம்பெனிக்காரர்கள் சொன்னபடியே நடந்தது. ஐப்பசி அடைமழையில் பதினெட்டு நாள் சூரியனையே காணோம். பேனல் இருந்தும் இல்லாத கதைதான். பழைய அளவுக்குக் கரண்டுக் காசும், அதன் மேல் தவணையுமாகப் பில் அவள் போனுக்கு வந்தது. கையில் இருந்த பணத்தில் ஆயிரத்து ஐந்நூறு குறைந்தது. கெடு முடியப் பத்து நாள் இருந்தது. கரண்ட் ஆபீசில் போய்க் கேட்கலாம்தான். கேட்டால் அவர்களே விழித்துக்கொண்டு லைனைத் துண்டிக்க முதலில் நம் வீட்டுக்கு வந்துவிடுவார்களோ என்று போகாமல் இருந்தாள்.

மழை விட்டு மூன்றாம் நாள், வியாழக்கிழமை. பவானியில் அவள் வேலை செய்யும் துண்டுக் கம்பெனியில் பன்னிரண்டு மணிக்கு டீ வந்தது. டம்ளரை வாங்கிக்கொண்டு போனில் சோலார் ஆப்பைத் திறந்தாள். பேனலில் வருவது ஆயிரத்து நானூறு வாட், வீட்டில் ஓடுவது நாற்பது வாட் என்று காட்டியது. மீதியெல்லாம் லைனுக்குப் போகிறது, அத்தனையும் பில்லில் கழியும். மனசு கொஞ்சம் லேசானது.

ஒரு வாய் டீ குடித்தாள். இரண்டாவது வாய்க்கு முன் டம்ளரைக் கீழே வைத்தாள்.

மிஷின் மட்டுமே முந்நூற்றைம்பது வாட் இழுக்கும். நாற்பது எப்படி வரும்?

விரலால் திரையைத் தள்ளி முந்தைய நாட்களைப் பார்த்தாள். செவ்வாய்க்கிழமை பதினொரு மணிக்கு அரை மணி நேரம் வீட்டுச் செலவைக் காட்டும் கோடு தரையில் கிடந்தது. புதன்கிழமை ஒன்றரை மணி நேரம். இன்றைக்குப் பத்தரையிலிருந்து இன்னும் எழவே இல்லை.

அவனைக் கூப்பிட்டாள். மணி அடித்து அடித்து நின்றது. மறுபடி கூப்பிட்டாள். எடுக்கவில்லை. பக்கத்து வீட்டுப் பாவாயியின் போனுக்குப் போட்டாள். அவள் எடுத்தாள்.

"பாவாயிக்கா, எங்க ஊட்டுக்குள்ள போயி மிஷின் ஓடுதான்னு பாருங்கக்கா!"

"நான் சந்தைக்கு வந்துட்டனே சாமி. ஏன், என்னாச்சு?"

பதில் சொல்ல அவள் நிற்கவில்லை. ஸ்கூட்டியை எடுத்தாள். காவிரிப் பாலத்தின் நடுவில் ஒரு லாரி பழுதாகி நின்றது. இரண்டு பக்கமும் வண்டிகள் அசையவில்லை. கைப்பிடிச் சுவரை ஒட்டி நுழைந்தாள். யாருடைய வண்டிக் கண்ணாடியோ அவள் முழங்கையில் பட்டு மடங்கியது. "கண்ணு தெரியலையா?" என்று ஒருவர் கத்தினார். கீழே வெள்ளம் செம்மண் நிறத்தில் போய்க்கொண்டிருந்தது. "இருங்க, வாரேன், இருங்க" என்று அவள் வாய் தானாகச் சொல்லிக்கொண்டே வந்தது.

கதவு சாத்தித்தான் இருந்தது. தள்ளியதும் முதலில் காதில் பட்டது அமைதி. ஒரு வருடமாக அந்த வீட்டில் இல்லாத அமைதி.

சரவணமுத்து கட்டிலில் முழங்கால்கள் மேல் கைகளை ஊன்றி முன்னால் குனிந்து உட்கார்ந்திருந்தான். கண் திறந்திருந்தது, ஆனால் அவளைப் பார்க்கவில்லை. உதடு நாவல்பழம் தின்றவனுடையது போலிருந்தது. மூக்குக் குழாய் சுருட்டி ஆணியில் மாட்டப்பட்டிருந்தது. எதிரே ஸ்டூலில் அலாரம் கடிகாரம்.

மிஷினைப் போட்டாள். அது சூடேறி முழுசாகக் கொடுக்கச் சில நிமிடம் ஆகும் என்று அவளுக்குத் தெரியும். அவசரத்துக்கென்று மூலையில் வைத்திருந்த சின்ன ஆக்சிஜன் சிலிண்டரை இழுத்து வந்தாள். அதைத் திறக்கும் சாவி கையிலிருந்து இரண்டு முறை வழுக்கி விழுந்தது. மூன்றாம் முறை திரும்பியது. குழாயை மூக்கில் வைத்து, ரத்தத்தில் ஆக்சிஜன் அளவைக் காட்டும் ஆக்சிமீட்டரை விரலில் மாட்டினாள். தொண்ணூறுக்குக் கீழே போகக் கூடாது. அறுபத்தெட்டு.

"ஏனுங்க, என்னப் பாருங்க. மூச்சை இழுங்க. இழுங்க!"

எழுபத்தொன்று. எழுபத்தைந்து. மறுபடி எழுபத்திரண்டு. அந்த எண்ணையே பார்த்துக்கொண்டு ஆம்புலன்சுக்குப் போன் செய்தாள். வண்டி வரும்போது எண்பத்து நான்கு. அவன் அவள் புடவை முந்தியைப் பிடித்திருந்தான். ஸ்ட்ரெச்சரில் ஏற்றும்போதும் விடவில்லை.

அரசு ஆஸ்பத்திரியில் இரண்டாம் நாள் காலையில்தான் அவனால் சேர்ந்தாற்போல் பேச முடிந்தது.

"ரேசன் கார்டு தேடறப்ப அந்தப் பத்திரத்தைப் பார்த்தேன்" என்றான். "பதினோராவதைப் படிச்சேன்."

மஞ்சுளா தலை குனிந்தாள்.

"வெயில் அடிக்கிற நேரத்துல மூணு மணி நேரம் நிறுத்துனா ஒரு யூனிட் மிச்சம். லைனுக்குப் போகுமல்ல?"

"ஒரு யூனிட்டுக்காகவாங்க?"

"அது மட்டுமில்ல. கட் பண்ணிப்போட்டாங்கன்னா அன்னிக்கித் தாங்கோணுமில்ல. கொஞ்சங் கொஞ்சமாப் பழகிக்கலாம்னு பார்த்தேன். மொத நாளு அரை மணி நேரம் இருந்துட்டேன். தைரியம் வந்துருச்சு."

அவன் ஏதோ வேலை கற்றுக்கொண்டதைச் சொல்வதுபோலச் சொன்னான். அவளுக்குத் தெரியக்கூடாது என்று அவனும், அவனுக்குத் தெரியக்கூடாது என்று அவளும், ஒரே வீட்டில் ஒரே பயத்தை ஆளுக்கொரு பக்கம் ஒளித்து வைத்திருந்திருக்கிறார்கள்.

"நான் பொய் சொன்னதுதானுங்க எல்லாத்துக்கும்" என்றாள்.

"அழுவாத சாமி. நானுந்தான் சொல்லல."

பாவாயியை அவன் பக்கத்தில் உட்கார வைத்துவிட்டு அன்றே கரண்ட் ஆபீசுக்குப் போனாள். தவணைத் திட்டத்தைப் பார்ப்பது சௌந்தர்யா என்ற இளம் பெண். மஞ்சுளா பத்திரத்தை மேஜையில் வைத்து, நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள்.

"மொதல்ல உக்காருங்கக்கா" என்றாள் சௌந்தர்யா. பக்கங்களைப் புரட்டினாள். "பதினொண்ணுக்குக் கீழ பாருங்க. ஊட்டுல உசிர் காக்குற மிஷின் இருந்தா, டாக்டர் கடிதம் குடுக்கோணும். கரண்டுக் காசை மட்டும் கட்டுனாப் போதும், தவணை கடைசிக்குத் தள்ளிப் போகும். லைனைத் தொட மாட்டோம்."

"எத்தன தடவைங்க?"

சௌந்தர்யா அடுத்த வரியில் விரலை வைத்தாள். "ஏழு வருசத்துல மூணு தடவைக்கா. அதுக்கு மேல போனாக் கம்பெனிக்காரங்க பேனலைக் கழட்டிக்கலாம். அப்பவும் கரண்டுக் காசு கட்டுற வரைக்கும் லைன் இருக்கும்."

"நான் முன்னாடியே வந்து கேட்டிருந்தா?"

"இதையேதான் சொல்லியிருப்பேன்."

மஞ்சுளா பத்திரத்தை மடித்துப் பையில் வைத்தாள்.

டாக்டர் கடிதம் கொடுத்தார். கரண்டுக் காசு கட்டியாகிவிட்டது. சரவணமுத்து வீடு திரும்பினான். திங்கட்கிழமை அவள் வேலைக்குக் கிளம்பினாள். பாலத்தின் முனை வரை போனாள். அன்றைக்கு லாரியால் அங்கே அடைபட்டு நின்றது ஞாபகம் வந்தது. ஓரமாக நிறுத்தி, முதலாளிக்குப் போன் செய்து, வீட்டிலிருந்தே செய்கிற வேலையாகக் கேட்டாள். துண்டு ஓரத்தில் குஞ்சம் முடிகிற வேலை இருக்கிறது, சம்பளம் பாதிதான் வரும் என்றார். சரி என்றாள். பாதிச் சம்பளத்தில் அடுத்த மழைக்காலம் எப்படிப் போகும் என்ற பயம் அந்த நிமிடமே உள்ளே வந்து உட்கார்ந்தது. ஆனாலும் வண்டியைத் திருப்பினாள்.

மறுநாள் துண்டுக் கட்டு வந்தது. கட்டிலை ஒட்டித் தரையில் உட்கார்ந்து அவள் குஞ்சம் முடியத் தொடங்கினாள்.

"எனக்கொண்ணு குடு" என்றான் சரவணமுத்து.

"உங்களால ஆவாதுங்க."

"ஆவாட்டி வச்சர்றேன். மறைச்சுச் செய்ய மாட்டேன், போதுமா?"

ஒரு துண்டை அவன் மடியில் போட்டாள். ஒவ்வொரு முடிச்சுக்கும் நிறுத்தி மூச்சு வாங்கினான். நான்காவது முடிச்சில் விரலை நீட்டி, "மீட்டரை மாட்டிப் பாரு" என்றான்.

தொண்ணூற்றிரண்டு என்று அவள் சத்தமாகப் படித்தாள்.