காயாத பூச்சு

ஹரீஷுக்கும் அவன் அக்கா புருஷன் அய்யாக்கண்ணுவுக்கும் பேச்சு நின்று ஆறு வருஷமாகிறது. பேச்சுதான் நின்றது. சண்டை ஒரு நாளும் நின்றதில்லை.

ஹரீஷின் அம்மாவுடைய பதினாறாம் நாள் காரியத்தில், பந்தியில் உட்கார்ந்துகொண்டு, "இது சாம்பாரா, தண்ணியா?" என்று நாலு பேர் காதில் விழும்படி அய்யாக்கண்ணு கேட்டார். வாளியைக் கையில் பிடித்துப் பரிமாறிக்கொண்டிருந்த ஹரீஷ், "பிடிக்கலன்னா எழுந்து போங்க" என்றான். மனுஷர் எழுந்தே போய்விட்டார். அன்று முதல் அவர்கள் இருவரும் பேசுவதென்றால் நடுவில் அக்கா குணவதி வேண்டும். ஒரே சோபாவில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாலும், "குணா, உன் தம்பிய காத்தாடி ஸ்பீடக் குறைக்கச் சொல்லு" என்பார் இவர். "எனக்கு வேர்க்குதுன்னு சொல்லுக்கா" என்பான் அவன். குணவதி எதையும் எடுத்துச் சொல்ல மாட்டாள். காது கேட்கிற இரண்டு பேருக்கு அவள் என்னத்தைச் சொல்வது?

இந்த லட்சணத்தில்தான் குணவதியின் மகள் ஷர்மினிக்குக் கல்யாணம் வந்தது. அவள் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். கெலுகோரில் இருக்கும் தன் வீட்டிலிருந்து கோயிலுக்கு மாமாவின் வெள்ளைக் காரில்தான் போவாளாம். பள்ளிக்கூடம் போன காலத்தில் அவளை மழைக்கும் வெயிலுக்கும் ஏற்றி இறக்கிய கார் அது. தாய்மாமன் காரில் பெண் போவதை யார் தடுக்க முடியும்? அய்யாக்கண்ணுவாலும் முடியவில்லை. ஒரு கொக்கி மட்டும் போட்டார். கார் அங்கே எல்லார் வாயிலும் காடிதான்.

"குணா, உன் தம்பிகிட்ட சொல்லு. அந்தக் காடி சுண்ணாம்பு அடிச்ச சுவரு மாதிரி இருக்கு. கல்யாணத்தன்னிக்குப் பளபளன்னு வந்தா பாப்போம். இல்லன்னா எனக்கு வேற காடி பாக்கத் தெரியும்."

பாகான் டாலாமில் ஹரீஷின் வீட்டு வாசலில் நிற்கிற கார் அது. பிறை தொழிற்சாலையில் ஷிப்ட் பார்த்துச் சேர்த்து வாங்கியது. வெயிலில் கிடந்து கொஞ்சம் மங்கிப் போயிருந்தது உண்மைதான். அதை அந்த ஆள் வாயால் கேட்க வேண்டியிருந்ததே என்பதுதான் அவனுக்குத் தாங்கவில்லை. அந்தக் காரில் ஷர்மினியை ஏற்றிக்கொண்டு கோயில் வாசலில் போய் இறங்காவிட்டால் நான் தாய்மாமனே இல்லை என்று மனைவியிடம் சொன்னான். அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

கல்யாணத்துக்கு முதல் நாள் காலையில், பட்டர்வொர்த்தில் கார் சாமான் விற்கும் ஷஃபீக் கடைக்குப் போனான். ஷஃபீக் இரண்டு டப்பாக்களை எடுத்து மேசைமேல் வைத்தார்.

"இது வேக்ஸ் தம்பி. தடவு, துணியால தொட, ஓட்டிட்டுப் போ. இது சீலன்ட். வெள்ளக் காடிக்கு இதுதான் பளிச்சுனு இருக்கும், கண்ணாடி மாதிரி. ஆனா ஒரு நாள் பூரா காயணும். அதுக்குள்ள தண்ணி, அழுக்கு எது பட்டாலும் உள்ள போயி உக்காந்துக்கும். எப்ப வேணும் காடி?"

"நாளைக்குக் காலைல."

"அப்ப வேக்ஸ் எடு லா."

ஹரீஷின் கை வேக்ஸ் டப்பா மேல்தான் போனது. அந்த நேரம் பார்த்து குணவதி போன் செய்தாள். ஸ்பீக்கரில் போட்டு, கடையில் நிற்பதாகச் சொன்னான். பின்னாலிருந்து அந்தக் குரல் வந்தது.

"குணா, வேக்ஸ் வாங்கச் சொல்லு. சீலன்ட் கீலன்ட்னு வாங்கிட்டு வந்துடப் போறான். காயாது. அவனுக்கு எங்க இதெல்லாம் தெரியப் போவுது."

ஹரீஷ் போனை அணைத்தான். வேக்ஸ் டப்பாவைத் தள்ளி வைத்துவிட்டு சீலன்டை எடுத்தான். ஷஃபீக் அவனை ஒரு மாதிரியாகப் பார்த்தார். அந்த ஆள் மட்டும் வாயைத் திறக்காமல் இருந்திருந்தால் அவன் வேக்ஸ்தான் வாங்கியிருப்பான். அது அவனுக்கே தெரியும். தெரிந்தும் வாங்கினான். வீம்பு என்று வந்துவிட்டால் மனுஷனுக்குக் கண் எங்கே, காது எங்கே.

கடையிலிருந்து திரும்பியதும் காரைக் கழுவித் துடைத்து, சீலன்டைத் தேய்த்தான். சும்மா சொல்லக் கூடாது, கார் மின்னியது. கடல் பாலம் தாண்டி கெலுகோர் போய்ச் சேர்ந்தபோது வாசலில் பந்தல் போட்டிருந்தார்கள், அதனால் காரைத் தெருவோரம் நிறுத்தினான். ஓடி வந்த ஷர்மினி வாய் பிளந்தாள்.

"மாமா! புதுக் காடி மாதிரி இருக்கு லா!"

"தொட்டுடாத. நாளைக்குத்தான் காயும். உங்கப்பாகிட்ட சொல்லாத" என்றான் அவள் காதருகே.

சாயங்காலம் நலுங்கு முடிந்தது. பெண்கள் ஷர்மினியின் கன்னத்திலும் கையிலும் பூசியது போக, கிண்ணத்தில் மஞ்சள் மிச்சமிருந்தது. குணவதி பன்னீர் விட்டு அதைக் குழைத்துக்கொண்டே தெருவுக்கு வந்தாள்.

"பொண்ணு ஏறப்போற காடி. ஒரு பொட்டு வச்சிடறேன்டா தம்பி."

ஹரீஷ் வாயைத் திறந்தான். வேண்டாம் அக்கா, இன்னும் காயவில்லை என்று சொல்லத்தான் திறந்தான். பந்தல் காலில் சாய்ந்துகொண்டு, கையைக் கட்டியபடி அய்யாக்கண்ணு நின்றார். அவர் பார்வை காரில் இல்லை, ஹரீஷின் வாயில் இருந்தது. காயவில்லை என்ற சொல்லுக்காகவே அவர் காத்திருக்கிறார் என்று ஹரீஷுக்குப் பட்டது. அதைச் சொன்னால் ஆயுசுக்கும் குத்திக் காட்டுவார்.

"வைக்கா. நல்லா வை" என்றான்.

குணவதி வஞ்சனையில்லாமல் வைத்தாள். பானட்டில் மூன்று பெரிய மஞ்சள் பொட்டு, நடுவில் குங்குமம். அய்யாக்கண்ணு உள்ளே போனார். ஜெயித்துவிட்டதாக நினைத்துக்கொண்டு ஹரீஷ் இரண்டு தட்டு பிரியாணி சாப்பிட்டான்.

இரவில் தூறல் போட்டிருந்தது. அங்கேயே படுத்திருந்த ஹரீஷ் காலையில் வெளியே வந்து பார்த்தால், மூன்று பொட்டும் கரைந்து பானட்டிலிருந்து முன் பம்பர் வரை கோடு கோடாக இறங்கியிருந்தது. ஈரத்துணியால் துடைத்தான். போகவில்லை. அழுத்தித் துடைத்தான். கோடு அகலமானதுதான் மிச்சம். வியர்த்து விறுவிறுத்துப் பின்கட்டுக்கு ஓடி, துணி துவைக்கும் சோப்பை எடுத்து வந்து நுரைக்க நுரைக்கத் தேய்த்தான். மஞ்சளில் சோப்புப் பட்டால் சிவக்கும் என்பது வேட்டி துவைத்த யாருக்கும் தெரியும். பதற்றத்தில் அவனுக்கு அது ஞாபகம் வரவில்லை. வெள்ளைக் காரின் முகம் முழுக்க ரத்தமாக வழிந்து நின்றது.

"அய்யோ கடவுளே" என்று குணவதி வாயில் கை வைத்தாள்.

பட்டு வேட்டியில் வந்தார் அய்யாக்கண்ணு. நிதானமாகக் காரைச் சுற்றிப் பார்த்தார்.

"குணா, உன் தம்பியக் கேளு. இது கல்யாணக் காடியா, ஆக்சிடென்ட் ஆன காடியா? வேக்ஸ் வாங்கச் சொன்னேனா இல்லையா?"

"என்னப் பாத்துப் பேசுங்க!" ஹரீஷ் சோப்புத் துணியைத் தரையில் அடித்தான். "காயலன்னு தெரியுமில்ல? அக்கா பொட்டு வைக்கும்போது நின்னு வேடிக்கதானே பாத்தீங்க?"

"ஆமா பாத்தேன்." ஆறு வருஷத்துக்குப் பிறகு முதல் முறையாக அவர் அவன் முகத்துக்கு நேராகப் பேசினார். "அந்தப் பளபளப்பப் பாத்ததுமே சீலன்ட்னு தெரிஞ்சிடுச்சு. நீ வாயத் தொறந்து சொல்றியான்னு பாத்தேன். சொல்ல மாட்ட. உன் கொழுப்பு எனக்குத் தெரியாதா?" என்றவர், பின்சந்தைப் பார்த்துக் கையைத் தட்டினார்.

சந்திலிருந்து ஒரு கறுப்புக் கார் வந்து நின்றது. பெரிய கார். ரிப்பன், பூச்சரம் எல்லாம் முன்னாலேயே கட்டி முடித்திருந்தது. ஹரீஷ் அந்தப் பூச்சரத்தைப் பார்த்தான்.

"அப்ப நேத்தே முடிவு பண்ணிட்டீங்க."

"உன்ன நம்பி என் பொண்ணு கல்யாணத்த வைக்கச் சொல்றியா?"

"தண்ணிச் சாம்பாருக்குப் பழி வாங்குறீங்களா?"

"எழுந்து போங்கன்னு சொன்னவன்தானே நீ!"

குரல் ஏற ஏற எதிர்வீட்டுச் சீனக் கிழவர்கூடக் கதவைத் திறந்து பார்த்தார். ஷர்மினி அலங்காரத்தோடு வாசலுக்கு வந்து நின்றதை இருவரும் கவனிக்கவில்லை. குணவதி மகளின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அதைக் கேட்டுத்தான் திரும்பினார்கள்.

ஷர்மினி வெள்ளைக் காரைப் பார்த்தாள். கறுப்புக் காரைப் பார்த்தாள்.

"மாமா, நாளைக்குத்தான் காயும்னு என்கிட்ட சொன்னீங்க. அம்மாகிட்ட அந்த ஒரு வார்த்தைய சொல்ல முடியல, இல்ல?"

ஹரீஷ் தரையில் கிடந்த சோப்புத் துணியைக் குனிந்து எடுத்தான். அய்யாக்கண்ணு முகத்தில் சிரிப்பு வரப் பார்த்தது.

"நீங்களும் சிரிக்காதீங்கப்பா. கெட்டுப் போவும்னு தெரிஞ்சிக்கிட்டே நின்னீங்க. அது என் காடிப்பா. நான் ஏறப்போற காடி."

தெருமுனையில் அத்தைமார்களும் சித்திமார்களும் ஏறிக்கொண்டிருந்த வாடகை வேன் நின்றது. ஷர்மினி பட்டுப்புடவையைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்துக்கொண்டு, யார் கையையும் பிடிக்காமல், தெருவில் நடந்தாள். முதல் சீட்டில் இருந்தவர்கள் பதறிப்போய் இடம் விட்டார்கள். குணவதி கணவனையும் பார்க்கவில்லை, தம்பியையும் பார்க்கவில்லை. மகளின் பின்னாலேயே போய் ஏறிக்கொண்டாள். வேன் கிளம்பியது.

இருவரும் தெருவில் நின்றார்கள். இனி ஒருவருக்கு ஒருவர் எதைச் சொல்வதென்றாலும் நடுவில் ஆள் இல்லை. அய்யாக்கண்ணு தொண்டையைச் செருமினார், பிறகு கறுப்புக் காரின் பின்சீட்டில் தனியாக ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டார். மகளுக்காகக் கட்டிய பூச்சரம் ஆட ஆட அந்தக் கார் போனது.

ஹரீஷ் பானட்டில் கை வைத்தான். அந்தச் சிவப்பின் மேல் விரலை ஓட்டிப் பார்த்தான். ஒட்டவில்லை, வழுவழுவென்று இருந்தது. சீலன்ட் நன்றாகக் காய்ந்துவிட்டிருந்தது.