பேசாமல் இருக்க வந்தவர்

மனைவி கித்தேரியம்மாள் இறந்த பிறகு அடைக்கலராஜின் வீட்டில் பேச்சே நின்றுபோனது. பண்ணைக்காடு என்ற மலையூரில், காப்பித் தோட்டத்துக்கு நடுவே தனி வீடு. மகள் ஜூலியட் துபாயிலிருந்து ஞாயிறன்று கூப்பிடுவாள்; மற்ற நாளெல்லாம் தன் குரலைத் தானே கேட்காமல் கிடந்தார். பேத்துப்பாறைப் பக்கம் ஒரு பௌத்தத் தியான இல்லம் இருக்கிறது, நாலு பேரோடு இருந்துவிட்டு வாருங்கள் என்று அவள்தான் ஒரு வாரத்துக்கு ஏற்பாடு செய்தாள்.

போய் இறங்கிய பிறகுதான் தெரிந்தது, அந்த வாரம் முழுக்க யாரும் பேசக்கூடாது. இல்லத்தை நடத்தும் சுபஸ்ரீயிடம் நேராகவே கேட்டுவிட்டார்.

"வீடு பேச்சில்லாமக் கெடக்குன்னுதாம்மா இங்க வந்தேன். இத்தன பேரு இருந்தும் பேசக்கூடாதுங்கிறீங்க."

சுபஸ்ரீ சமாதானம் சொல்லவில்லை. இங்கே அடைவதற்கு ஒன்றுமே இல்லை என்றாள். அந்த ஒன்றுமில்லாததற்காகத்தான் கால் மரத்துப்போக உட்காருகிறோம் என்றும் அவளே சொன்னாள். கணக்கு எங்கோ உதைத்தது. ஆனால் திரும்பினால் அதே வீடு. இருந்துவிட்டார்.

எல்லோரும் சுவரைப் பார்த்து உட்கார்ந்தார்கள். முழங்கால் வலியிலேயே முதல் நாட்கள் போயின. ஒரு காலை, பக்கத்தில் இருந்த விசாலாட்சி என்ற பெண் அழ ஆரம்பித்தாள். என்னம்மா ஆச்சு என்று கேட்க அவருக்கு நாக்கு துடித்தது. மணி அடித்ததும் மற்றவர்கள் கஞ்சி குடிக்கப் போனார்கள். அவள் எழவில்லை. அவரும் எழவில்லை. ஆஸ்பத்திரியில் தான் வாய் ஓயாமல் தைரியம் சொன்னதும், கித்தேரியம்மாள் முகத்தைத் திருப்பிக்கொண்டதும் நினைவுக்கு வந்தன. அவர் கண்ணீர் தாடையில் இறங்கியது, துடைக்கவில்லை. வெகுநேரம் கழித்து விசாலாட்சி எழுந்து, அவரைப் பார்த்துக் கைகூப்பிவிட்டுப் போனாள்.

கடைசி நாள் மதியம் பேசலாம் என்றதும் சாப்பாட்டு அறை சந்தையாகிவிட்டது. எந்த ஊர், என்ன வேலை, பிள்ளைகள் எங்கே. விசாலாட்சியும் யாரிடமோ திண்டுக்கல் வெயிலைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தாள். அடைக்கலராஜ் தட்டோடு ஓரமாக நின்றார். சுபஸ்ரீ அருகில் வந்ததும் அவளிடம் கேட்டார்.

"பேசாம இருக்கயில எல்லாரும் கூட இருந்தாங்க. பேச ஆரம்பிச்சதும் நான் தனியாப் போயிட்டேன். இது எப்படிங்க?"

"எனக்கும் தெரியலைங்கய்யா," என்றாள் அவள்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்து கதவைத் திறந்தார். தனிமை அப்படியேதான் இருந்தது. சற்று நேரத்தில் ஜூலியட் கூப்பிட்டாள். எப்படி இருந்தது, சாப்பாடு பிடித்ததா என்று அடுக்கினாள்.

"ஒன்னும் பேச வேணாம்த்தா," என்றார். "போன வச்சிராம கொஞ்ச நேரம் அப்படியே இரு."

அவள் பயந்துபோய் ஏதோ கேட்க வந்தாள். பிறகு பேசாமல் இருந்தாள். அங்கே ஏதோ வண்டி போகும் சத்தம் கேட்டது. அப்புறம் அவள் மூச்சு மட்டும் கேட்டது.