ஒன்பதாம் சேனல்

பவித்ரா பொத்தானை அழுத்தினாள். கேமரா 'கிளிக்' என்றது. ஸ்டாண்டில் மாட்டியிருந்த ஃபிளாஷ் மட்டும் எனக்கென்ன வந்தது என்று சும்மா இருந்தது.

சரி போகட்டும் என்று கேமராவை இறக்கித் தண்ணீர் பாட்டிலை வாயில் வைத்தாள். பளீரென்று வெட்டியது ஃபிளாஷ். வாயிலிருந்த தண்ணீர் முழுக்கச் சட்டையில் இறங்கியது.

லிட்டில் இந்தியாவில் ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் எப்படி இருக்கும் என்று சொல்ல வேண்டுமா? வாரமெல்லாம் கட்டுமான வேலையில் ஹெல்மெட்டுக்குள் வெந்த தம்பிகள் தலை சீவி, சென்ட் அடித்துக்கொண்டு, பிளாஸ்டிக் பையில் கட்டிய தேநீர் ஆளுக்கொன்றுடன் கெர்பாவ் ரோட்டில் நின்றார்கள். ஓசியில் வேடிக்கை கிடைத்தால் விடுவார்களா? ஃபிளாஷ் தானாக வெட்டும்போதெல்லாம் "ஓ...!" என்று ஒரே கூச்சல்.

"அக்கா, அது ஒங்க பேச்சக் கேக்காது போல!" என்றான் ஒருவன்.

பவித்ராவுக்குச் சிரிப்பும் வந்தது, பயமும் வந்தது. இன்சூரன்ஸ் ஆபீசில் சம்பளமில்லாத விடுப்பு எடுத்துக்கொண்டு புகைப்படம்தான் என் தொழில் என்று சாதித்தவள் அவள். அம்மா பாக்கியலட்சுமி கடைசியாக ஒரு கெடு வைத்திருந்தார். "ஒரே ஒரு ஷூட்ட தனியா செஞ்சு காட்டு. நல்லா வந்துச்சா, உன் இஷ்டம். சொதப்புச்சா, திங்கக்கிழமை காலையில ஆபீஸ். அதுக்கப்புறம் பேச்சே இல்ல." அந்த ஒரே ஒரு ஷூட் இதுதான். கூட வர வேண்டிய உதவியாளருக்குக் காய்ச்சல் வந்துவிட்டதால், ஃபிளாஷ் ஸ்டாண்டைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றதும் அதே பாக்கியலட்சுமிதான். யாருக்கு வரும் இப்படி ஒரு யோகம்!

காற்று வேறு. வெளிச்சத்தை மென்மையாக்க ஃபிளாஷுக்கு முன்னால் மாட்டிய பெரிய துணிப்பெட்டி பாய்மரம் போல உப்பி ஸ்டாண்டை இழுத்தது. மணல் பையை வீட்டிலேயே மறந்துவிட்டதால், தேக்கா சந்தையில் வாங்கிய பொன்னி அரிசி மூட்டை ஸ்டாண்டின் காலில் உட்கார்ந்திருந்தது.

மணமக்கள் கவிப்ரியாவும் ஜெய்யும் கடைகளை ஒட்டிய அஞ்சடி நடைபாதையின் நிழலில் நின்றார்கள். பின்னால் வெயிலில் தகதகக்கும் வண்ணச் சுவர். ஃபிளாஷ் வெட்டாவிட்டால் இரண்டு முகமும் கரிச்சட்டிதான். அழைப்பிதழில் போடப்போகும் படம் அது. ராகு காலம் தொடங்குவதற்குள் எடுத்தாக வேண்டும் என்று கவிப்ரியாவின் அம்மா பஞ்சவர்ணம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டு, கைப்பேசியில் பஞ்சாங்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றார்.

பவித்ரா பேட்டரியைக் கழற்றி மாட்டினாள். கேமரா தலையில் செருகியிருந்த, ஃபிளாஷுக்குச் சைகை அனுப்பும் டிரிகரைச் சட்டையில் துடைத்துத் திரும்பச் செருகினாள். ஃபிளாஷின் வெளிச்சத்தைக் குறைத்தாள், அணைத்துப் போட்டாள், "செல்லமே, கண்ணே" என்று கெஞ்சியும் பார்த்தாள். ஒரே ஒரு முறை சரியாக வெட்டியது. அப்போது கவிப்ரியா கண்ணை மூடியிருந்தாள்.

"கண்ணு பட்டிருக்கு. எலுமிச்சம்பழம் வாங்கிட்டு வரட்டுமா?" என்றார் பஞ்சவர்ணம்.

"யாருக்கு சுத்தணும்? படத்துல நிக்கிறவங்களுக்கா, எடுக்குறவளுக்கா?" என்று கேட்ட பவித்ராவின் அம்மா, சட்டென்று பேச்சை நிறுத்தினார்.

அம்மாவின் கண் தெருமுனைக்குப் போனது. ஃபிளாஷ் வெட்டியது. அம்மா மறுபடி முனையைப் பார்த்தார். மறுபடி வெட்டியது. உதடு இறுகிக்கொண்டது. ரம்மியில் ஜோக்கர் கிடைத்தால் அம்மாவின் முகம் இப்படித்தான் ஆகும்.

"அம்மா, என்ன?"

"ஒண்ணுமில்ல."

பளீர்! "ஓ...!"

"அம்மா!"

"ஒண்ணுமில்லங்கிறேன்ல!"

பேட்டரி விளக்கு சிவப்பில் சிமிட்டத் தொடங்கியது. இன்னொரு பேட்டரி சுவா சூ காங் வீட்டில், சார்ஜரில் நிம்மதியாகத் தூங்கிக்கொண்டிருந்தது. பவித்ராவுக்கு மூக்கு நுனி சிவந்தது. அவ்வளவுதான், நாளைக்கு ஆபீஸ் லிஃப்ட்டில் ஏற வேண்டியதுதான் என்று நினைத்தாள்.

"ஐயோ, பிடிங்க தம்பி இத!" என்று ஸ்டாண்டை மாப்பிள்ளை ஜெய் கையில் திணித்துவிட்டு, அம்மா புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு முனையை நோக்கிப் பாய்ந்தார். திரும்பி வரும்போது, கழுத்தில் கேமரா தொங்கும் ஒரு வாலிபனைச் சட்டைக் கையைப் பிடித்து இழுத்து வந்தார்.

"இந்தத் தம்பி அங்க அமுக்குறப்பல்லாம் நம்ம லைட்டு இங்க வெட்டுது!"

"ஆன்ட்டி, விடுங்க ஆன்ட்டி, என் கிளையண்ட் வெயிட்டிங்!" என்று நெளிந்தவன், பவித்ராவின் ஃபிளாஷைப் பார்த்ததும் நின்றான். அவனுடையதும் அதே கம்பெனி. பெயர் கபிலன். "நீங்க எந்த சேனல்?"

"ஒன்பது."

"நானும் ஒன்பதுதான்! எங்கம்மா நியூமராலஜி பாத்து வச்சது."

பவித்ரா மெல்லத் தன் அம்மா பக்கம் திரும்பினாள். அம்மா வானத்தைப் பார்த்தார். ஃபிளாஷ் வாங்கிய அன்றே பிறந்த தேதியைக் கூட்டிக் கழித்து, "ஒன்பதுதான் உனக்கு, யார் சொன்னாலும் மாத்தாதே" என்று அடித்துச் சொன்ன புண்ணியவதி அவர்தானே!

ஒரே கம்பெனி, ஒரே சேனல் என்றால் யார் அழுத்தினாலும் இரண்டு ஃபிளாஷும் சேர்ந்து வெட்டும். கபிலனுக்காக வெட்டிக் களைத்து, மூச்சு வாங்கும் நேரத்தில் பவித்ரா அழுத்தினால் அது எப்படி வெட்டும்?

"அப்ப என் லைட்டு பைத்தியம் பிடிச்ச மாதிரி வெட்டுனது உங்களாலயா? கடைக்கே திருப்பிக் குடுத்துடலாம்னு இருந்தேன் லா!" என்று கபிலன் தலையில் கை வைத்துக்கொண்டான்.

பவித்ரா விழுந்து விழுந்து சிரித்தாள். சிரித்துக்கொண்டே, "நான் எட்டுக்கு மாத்திக்கிறேன்" என்றாள்.

"எட்டா? சனி!" என்று இரண்டு அம்மாக்களும் ஒரே குரலில் அலறினார்கள். அவள் கேட்கவில்லை. டிரிகரிலும் ஃபிளாஷிலும் எட்டை வைத்துவிட்டுக் கேமராவைத் தூக்குவதற்குள், பளீர்! "ஓ...!" என்று தம்பிகள் விசிலே அடித்துவிட்டார்கள்.

எதிர்ப்பக்கத்துப் பல வண்ண வீட்டு வாசலில் வெள்ளை கவுன் மணமகளைப் படம் எடுத்துக்கொண்டிருந்த சீனர் எட்டிப் பார்த்தார். "ஸாரி, ஸாரி! யூ ஆல்ஸோ எய்ட்? எய்ட் வெரி லக்கி லா!"

"நாலு போடுங்க. நாலுன்னா சீனவங்களுக்குச் சாவு மாதிரி, யாரும் தொட மாட்டாங்க," என்றான் கபிலன்.

"நாலு ராகுவோட நம்பராச்சே!" என்று பஞ்சவர்ணம் பதறினார். "இன்னும் கொஞ்ச நேரத்துல ராகு காலமே பொறந்துரும்!"

"அவரு வர்றதுக்குள்ள அவரு நம்பர்ல எடுத்துட்டு ஓடிருவோம் அக்கா!" என்றார் அம்மா, ஜெய்யிடமிருந்து ஸ்டாண்டைப் பிடுங்கிக்கொண்டே. "தம்பி, நீ போய் நில்லு!"

தெருவே சிரித்தது. ஜெய் ஓடி வந்து நின்ற வேகத்தில் கவிப்ரியாவின் பின்னலில் முகத்தை இடித்துக்கொண்டான். அவளுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. இதற்கு மேல் நல்ல நேரம் எது? பவித்ரா அழுத்தினாள். ஃபிளாஷ் அவள் விரலுக்கு, அவள் விரலுக்கு மட்டும், வெட்டியது. உடனே பேட்டரி உயிரை விட்டது.

திரையில் இரண்டு முகமும் பளிச்சென்று இருந்தன. பஞ்சவர்ணம் கேமராவை வாங்கி மூக்குக் கண்ணாடியை ஏற்றிப் பார்த்தார். "பல்லெல்லாம் தெரியுது," என்றார். பவித்ராவுக்கு உயிரே இல்லை. "எம்பொண்ணு இப்படிச் சிரிச்சு நான் பாத்ததே இல்ல. இதையே போட்டுருவோம்."

எம்.ஆர்.டி. ரயில் நிலையத்துக்குள் இறங்கும்போது அம்மா அரிசி மூட்டையைத் தள்ளுவண்டியில் இழுத்துக்கொண்டு முன்னால் போனார்.

"அம்மா, நீ வாயத் தொறக்காம இருந்திருந்தா நாளைக்கு நான் ஆபீஸ் போயிருப்பேன்."

"தெரியும். அதான் தொறக்கல. பல்லக் கடிச்சுக்கிட்டு நின்னேன்."

"அப்புறம்?"

"மூக்கு செவந்து நிக்கிறே. பெத்தவ பாத்துக்கிட்டு நிக்க முடியுமாடி?"

பவித்ரா எட்டி நடந்து பக்கத்தில் போனாள். அம்மாவின் தோளைப் பிடித்துக்கொண்டாள். அம்மா திரும்பிப் பார்க்காமலே சொன்னார்.

"பஞ்சவர்ணம் அக்காவோட தங்கச்சி குடும்பம் பினாங்குலேருந்து வந்திருக்காம். நாளைக்குக் காலையில பொட்டானிக் கார்டன்ல எல்லாரையும் வச்சு எடுக்கணும்னு கேட்டாங்க. சரின்னுட்டேன்."

"என்னைக் கேக்காமலா?"

"உன்ன எதுக்குக் கேக்கணும்? லைட்டப் பிடிக்கப் போறவ நான். எனக்கு நாளைக்குக் காலையிலதான் தோது."