பிரேக் பெடலுக்கு அடியில்

என் மச்சினன் பழுதான சரக்கை என் தலையில் கட்டிவிட்டான் என்று பார்த்தவுடனே எனக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்துவிட்டது என்றால், சந்தேகம் வந்துவிட்டது. என்னைப் பொறுத்தவரை இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் கிடையாது.

எங்கள் வீட்டுப் பின்னறையில் ஓர் அலுமினியச் சட்டம் இருக்கிறது. அதன்மேல் ஒரு பழைய கார் இருக்கை, முன்னால் ஸ்டியரிங், கீழே பெடல்கள், எதிரே பெரிய திரை. லீவு நாட்களில் அதில் உட்கார்ந்து பந்தயக் கார் ஓட்டுவேன். பிழைப்புக்கு ஓட்டுவது தொழிற்சாலை ஆட்களை ஏற்றி இறக்கும் பஸ். அதில் காட்ட முடியாத வேகத்தை இதில் காட்டிக்கொள்வேன். இந்தச் சட்டத்துக்கு என் மனைவி வைத்திருக்கும் பெயர் சக்களத்தி.

கொஞ்ச காலமாக என் பிரேக்கைப் பற்றிப் புகார் கிளம்பியிருந்தது. பிந்திப் போடுகிறேனாம், போட்டால் குத்திப் போடுகிறேனாம், பின்னால் நிற்பவர்கள் ஒருவர்மேல் ஒருவர் சாய்கிறார்களாம். டெப்போ மேற்பார்வையாளர் கூப்பிட்டார். திங்கட்கிழமை பரிசோதகர் பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பார், தேறாவிட்டால் ஸ்டியரிங்கை மறந்துவிட்டு கேட்டில் நின்று வண்டிகளை எண்ண வேண்டியதுதான் என்றார். மீசை முளைத்த நாளிலிருந்து ஸ்டியரிங் பிடித்தவன் நான். கேட்டில் நிற்பதா? இதற்குப் பின்னால் யாரோ இருக்கிறார்கள் என்று மூக்கில் வியர்த்தது. மெக்கானிக் வேண்டுமென்றே பிரேக்கை இறுக்கி வைத்திருக்கலாம். என் ரூட்டின்மேல் கண் வைத்திருக்கும் மாற்று டிரைவர் ஆட்களைத் தூண்டிவிட்டிருக்கலாம். இரண்டு பேரும் ஒன்றாக டீ குடிப்பதை என் கண்ணாலேயே பார்த்திருக்கிறேன்.

இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்த மச்சினன்தான் யோசனை சொன்னான். அவன் என் மனைவியின் தம்பி. அரங்குகளுக்கு மைக்செட் ஸ்பீக்கர் மாட்டுகிறவன்.

"மாமா, நீங்க திரையைப் பாத்துதான் ஓட்டுறீங்க. வண்டி என்ன பண்ணுதுன்னு உடம்புல தெரியணும். டிரான்ஸ்டியூசர் போட்டுப் பாப்போம்."

"அது என்னடா?"

"ஸ்பீக்கர் மாதிரிதான். ஆனா சத்தத்தைக் காத்துல விடாது. எதுல மாட்டுறோமோ அதை ஆட்டும்."

நேர்மையாகச் சொல்ல வேண்டுமென்றால் யோசனை நன்றாகத்தான் இருந்தது. ஒன்று இருக்கைக்கு அடியில், எஞ்சினின் உறுமலுக்கு. இன்னொன்று பெடல் தகட்டுக்கு அடியில். பிரேக்கை அளவுக்கு மீறி மிதித்துச் சக்கரம் சுழலாமல் வழுக்கினால் அந்தத் தகடு நடுங்கும். காலைக் கொஞ்சம் தளர்த்தினால் நடுக்கம் நிற்கும். நடுங்குவதற்குச் சற்று முன்னால் காலை நிறுத்தப் பழகிவிட்டால் போதும். திங்கட்கிழமை அந்தப் பரிசோதகர் மடியில் நிறைகுடத்தை வைத்துக்கொண்டு வந்தாலும் ஒரு சொட்டு சிந்தாது.

ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே மச்சினன் வந்து வேலையைத் தொடங்கினான். ஓர் அதிர்வு இன்னொன்றோடு கலக்கக் கூடாது என்று பெடல் பகுதியைச் சட்டத்திலிருந்து கழற்றித் தரையில் தனியாக நிறுத்தினான். சட்டத்தின் கால்களுக்குத் தடித்த ரப்பர் வைத்தான். டிரான்ஸ்டியூசர் என்ற அந்தக் கையகலக் கறுப்பு உருண்டைகள் இரண்டையும் முடுக்கி, ஒயரை இழுத்து ஆம்ப்ளிஃபையரில் செருகினான். உருண்டை ஒன்றின் ஓரத்தில் கீறல் இருந்ததை நான் பார்த்துவிட்டேன்.

"புதுசா இது?"

"புதுசுதான் மாமா. பையில உரசியிருக்கும்."

பூசி மெழுகுகிறான் என்று நினைத்துக்கொண்டேன். ஏதோ ஓர் அரங்கிலிருந்து கழித்துப் போட்டது என் வீட்டுக்கு வந்திருக்கிறது.

இருக்கையில் உட்கார்ந்து எஞ்சினை முடுக்கினேன். முதுகெலும்பு முழுக்க உறுமியது. சத்தியமாகச் சொல்கிறேன், சின்னப் பையன் மாதிரி சிரித்துவிட்டேன். முதல் வளைவில் பிரேக்கை ஓங்கி மிதித்தேன். திரையில் சக்கரத்திலிருந்து புகை கிளம்பியது. காலில் ஒன்றும் இல்லை.

"வருதா மாமா?"

"வரலை."

ஆம்ப்ளிஃபையரின் திருகைத் திருப்பினான். "இப்ப?"

"வரலை."

இன்னும் திருப்பினான். பிறகு என்னைப் பார்த்தான். "எனக்கே இங்க நல்லாத் தெரியுதே மாமா."

"உனக்குத் தெரியறது இருக்கட்டும். ஓட்டுறவன் நான். எனக்குத் தெரியணும்."

அவனிடம் மேற்கொண்டு பேசிப் பயனில்லை என்று நானே களத்தில் இறங்கினேன். இரண்டு உருண்டைகளையும் இடம் மாற்றச் சொன்னேன். கீறல் விழுந்தது இருக்கைக்கு அடியில் போனது, இருக்கையில் நன்றாக உறுமிக்கொண்டிருந்தது பெடலுக்கு வந்தது. இருக்கை அப்போதும் உறுமியது. பெடல் ஊமை. சரி, உருண்டைமேல் குற்றம் இல்லை. அப்படியானால் ஒயர். ஒயர்களை மாற்றினோம். இருக்கை உறுமியது, பெடல் ஊமை. ஆம்ப்ளிஃபையரின் இடது பக்கத்தை வலதுக்கும் வலதை இடதுக்கும் கொடுத்தோம். அப்போதும் அதே கதை. எதை மாற்றினாலும் பழுது மட்டும் பெடலை அட்டைப்பூச்சி மாதிரி ஒட்டிக்கொண்டு நின்றது. மிச்சம் இருப்பது தகடுதான், தகடு தடிமன் அதிகம் என்று தீர்ப்பு சொன்னேன். மச்சினன் எதிர்த்துப் பேசவில்லை. அவன் பேசாமல் இருந்ததே எனக்குச் சரியாகப் படவில்லை.

அடுப்படியிலிருந்து மனைவி குரல் கொடுத்தாள். "ஏங்க, அலமாரில டம்ளர் எல்லாம் கடகடன்னு ஆடுது. அதை நிறுத்துங்களேன்."

அக்காவும் தம்பியும் ஒன்றாகப் பேசி வைத்துக்கொண்டார்கள் என்று நினைத்தேன். பிறகு கதவைத் தட்டும் சத்தம் கேட்டது. கீழ்வீட்டுத் தையல்காரர்.

"மேல என்ன, மாவு மில்லு வச்சிருக்கீங்களா? என் குண்டூசி டப்பா மேசைமேல தானா நடந்து போய்க் கீழ விழுது."

இந்த ஆள்மேல் எனக்கு ஏற்கெனவே ஒரு கண் இருந்தது. போன வாரம் என் செருப்பில் ஒன்று காணாமல் போய், இவர் வாசல் படியில் கிடந்தது. கேட்டதற்கு, "நீங்கதான் கழண்டு விழுந்தது தெரியாம ஒத்தைச் செருப்போட ஏறிப் போனீங்க. கூப்பிட்டேன், திரும்பிக்கூடப் பாக்கலை" என்றார். செருப்பு கழன்றது தெரியாமல் எவனாவது படி ஏறுவானா? யார் காதில் பூ சுற்றுகிறார்? அன்றைக்கு என் மனைவி அவர் பக்கம் சேர்ந்துகொண்டு, சர்க்கரை மாத்திரையை ஒழுங்காகப் போடுங்கள் என்று பழைய பல்லவியை எடுத்தாள். டாக்டருக்கும் மருந்துக் கடைக்கும் உள்ள உறவு எனக்குத் தெரியும். மாத்திரையை நான் நிறுத்திப் பல மாதங்கள் ஆகின்றன.

இப்போது மூவரும் என் பின்னறையில் நின்றுகொண்டு, அதிர்கிறது அதிர்கிறது என்கிறார்கள். என் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. நான் இருக்கையில் உட்காரும்போது மச்சினன் திருகைக் குறைக்கிறான், எழுந்தவுடன் கூட்டுகிறான். வேறு எப்படி எல்லோருக்கும் தெரிவது எனக்கு மட்டும் தெரியாமல் போகும்? கையும் களவுமாகப் பிடிக்க வழி தேடினேன்.

"டேய், நீ ஆம்ப்ளிஃபையர்கிட்ட நிக்காத. ஜன்னலோரம் போ. உங்க அக்கா திருகைப் பிடிக்கட்டும்."

"எதுக்கு மாமா?"

"சொன்னதைச் செய்."

இருக்கையின் அதிர்வை முழுக்க அணைத்துவிட்டு, எஞ்சினின் உறுமலைப் பெடல் தகட்டுக்கே விடாமல் கொடுக்கச் சொன்னேன். சத்தத்தை வைத்துக் கண்டுபிடித்தேன் என்று பேச்சு வரக் கூடாது என்பதற்காகக் காதில் ஹெட்போனை மாட்டி, பந்தயத்தின் இரைச்சலை உயர்த்திக்கொண்டேன். செருப்பைக் கழற்றி வெறுங்காலைத் தகட்டின்மேல் வைத்தேன். பிறகு கண்ணை மூடிக்கொண்டேன். என் மனைவி இஷ்டத்துக்குத் திருகைப் போடலாம், அணைக்கலாம். ஒவ்வொரு முறையும் தையல்காரர் என் தோளைத் தட்ட வேண்டும், தட்டினால் நான் பதில் சொல்வேன். அவர்தான் சாட்சி.

தோளில் தட்டு விழுந்தது. "அணைஞ்சிருக்கு" என்றேன்.

மறுபடி. "அணைஞ்சிருக்கு."

மறுபடி. கொஞ்சம் காத்திருந்தேன். பாதத்தின் அடியை நன்றாக அழுத்திப் பார்த்தேன். "இப்பவும் அணைஞ்சுதான் இருக்கு. போட்டே பாக்க மாட்டீங்களா?"

தட்டு வரவில்லை. மீண்டும் காத்திருந்தேன். பிறகு பொறுமை போய்க் கண்ணைத் திறந்து ஹெட்போனைக் கழற்றினேன். அறை முழுவதும் தடதடவென்று ஒரு முழக்கம். ஜன்னல் கண்ணாடிகூடச் சலசலத்தது. என் மனைவியின் கை திருகின்மேல் இருந்தது, திருகு கடைசி வரை திரும்பியிருந்தது. அவள் முகம் வெளிறியிருந்தது.

"நான் ஒரு தடவைகூட அணைக்கலைங்க" என்றாள்.

அப்போதும் நான் விடவில்லை. கண்ணைத் திறக்கும் நேரம் பார்த்துப் போட்டுவிட்டாள் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் கீழே பார்த்துவிட்டேன். காலையில் வேலை செய்தபோது உதிர்ந்த ஒரு நட்டு தகட்டின்மேல் கிடந்தது. அது துள்ளித் துள்ளி வந்து என் கட்டைவிரலில் மோதியது. விலகியது. மறுபடி வந்து மோதியது. நகத்துக்குப் பக்கத்துத் தோல் அதனால் சிவந்திருந்தது. அது வேறு யாருடைய விரலோ என்பதுபோல நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

குனிந்து உள்ளங்கையைத் தகட்டில் வைத்தேன். முழங்கை வரை நடுங்கியது. கையை எடுத்துக் காலை அழுத்தினேன். ஒன்றும் இல்லை. மறுபடி கையை வைத்தேன். தையல்காரர் மெதுவாக நடந்து போய்த் திருகை அணைத்தார்.

எனக்குப் பயமாக இருந்தது. சந்தேகப்படும்போது ஒரு தெம்பு இருக்கும், எதிரே ஆள் இருப்பான், சண்டை போடலாம். இந்தப் பயத்துக்கு எதிரே ஆள் இல்லை. வெள்ளிக்கிழமை பஸ்ஸில் கதவோரம் நின்று வந்த கர்ப்பிணிப் பெண்ணை நினைத்தேன். ரயில்வே கேட்டுக்கு முன்னால் நான் பிரேக் போட்டபோது அவள் கம்பியை இரண்டு கைகளாலும் இறுக்கிப் பிடித்தாள். கண்ணாடியில் அவளைப் பார்த்து, நாடகம் ஆடுகிறாள், இவளும் புகார் கொடுத்த கூட்டம்தான் என்று நினைத்திருந்தேன். என் கால் அப்போது பிரேக்கில் இருந்தது என்று எனக்கு எப்படித் தெரியும்? வண்டி நின்றதால் தெரியும். நிற்பதற்கு முன்னால்வரை எனக்கு எதுவும் தெரிந்திருக்கவில்லை.

மச்சினன் பக்கத்தில் வந்து தரையில் உட்கார்ந்தான். அக்கா காதில் விழாதபடி குரலைத் தாழ்த்தினான்.

"மாமா, பயப்படாதீங்க. பாதத்துல தெரியலைன்னா என்ன, முட்டிக்குத் தெரியுமே. எவ்வளவு மிதிக்கணும்னு முட்டியை வச்சே இன்னைக்குப் பூரா பழகிக்கலாம். நான் கையை வச்சுச் சொல்றேன். நாளைக்கு டெஸ்ட்ல தேறிடுவீங்க. அப்புறம் நிதானமா டாக்டரைப் பாக்கலாம். யாருக்கும் தெரிய வேண்டாம்."

காலையிலிருந்து அவன் சொன்ன எதையும் நான் நம்பவில்லை. இதை உடனே நம்பினேன். அவன் சொன்னது சரிதான். என்னால் முடியும். ஒரு பரிசோதகரை ஒரு நாள் ஏமாற்றுகிற அளவுக்கு எனக்குத் தொழில் தெரியும். அதன்பிறகு என் ரூட், என் பஸ், என் இருக்கை. கேட்டில் நின்று கடந்து போகிற வண்டிகளை எண்ண வேண்டாம். மாற்று டிரைவர் என் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு கையாட்டுவதைப் பார்க்க வேண்டாம். ஆசையாகத்தான் இருந்தது, மறைக்க விரும்பவில்லை.

"போனை எடு" என்று மனைவியிடம் சொன்னேன்.

அவள் நம்பரைப் போட்டு ஸ்பீக்கரில் வைத்தாள். மேற்பார்வையாளர் எடுத்ததும் சொன்னேன். "சார், நாளைக்கு என் வண்டிக்கு வேற ஆளைப் போடுங்க."

அந்தப் பக்கம் ஒரு சிரிப்பு. "இந்த போன் வரும்னு தெரியும். டெஸ்டுன்னதும் உடம்பு சரியில்லாம போயிடுச்சா?"

"இல்லை சார். டெஸ்டே வேண்டாம். நான் ஓட்டலை."

"இது என்ன புது நாடகம்? யூனியன்ல யாராவது சொல்லிக் கொடுத்தாங்களா? நான் கட்டாயப்படுத்தி இறக்கினேன்னு நாளைக்கு எழுதிக் கொடுப்பீங்க. என்கிட்டயே வேலையைக் காட்டாதீங்க டிரைவர்."

அவர் இடத்தில் நான் இருந்தாலும் இதைத்தான் கேட்டிருப்பேன், இதைவிடக் கேவலமாக. கோபம் வர வேண்டிய இடம், வரவில்லை. மனைவி என் தோளில் கையை வைத்திருந்தாள்.

"சார், என் வலது பாதத்துல உணர்ச்சி இல்லை. பிரேக் மேல கால் இருக்கறதும் இல்லாததும் எனக்கு ஒண்ணுதான். இப்பதான் கண்டுபிடிச்சோம்."

சிரிப்பு நின்றது. பிறகு அவர் வேறு ஒரு குரலில் பேசினார்.

"எவ்வளவு நாளா இப்படி ஓட்டிக்கிட்டு இருக்கீங்க?"

மனைவி என்னைப் பார்த்தாள், மச்சினன் தரையைப் பார்த்தான். நானும் நினைவைத் துழாவிப் பார்த்தேன். எந்த நாளில் என் கால் கடைசியாக அந்தப் பெடலை உணர்ந்தது என்று ஒன்றும் பிடிபடவில்லை.

"தெரியாது சார்" என்றேன்.