அசையாத் தூண் எழுந்த நாள்

அறத்துணிவுள்ள தலைவன் ஒருவன் எழுந்தால் அவன் பின்னால் ஒரு சமுதாயமே எழும் என்று, எண்ணூர் முகத்துவாரத்துக்குப் போகிற சாலையில் கறுப்புக் கல்லில் தங்க எழுத்தில் பொறித்திருக்கிறார்கள். பொறித்ததில் பொய் ஒன்றும் இல்லை. அந்தத் தலைவர் எதனால் எழுந்தார் என்பதற்குத்தான் கல்லில் இடம் போதவில்லை.

ஜெகதீசன் வட்டச் செயலாளர் ஆன வருஷத்திலிருந்து, அவர் உடம்புக்கு என்ன நடந்தாலும் கட்சி அட்டை வைத்திருந்த முந்நூற்றுப் பன்னிரண்டு பேருக்கும் அதுவே நடந்தது. அவர் தும்மினால் கொருக்குப்பேட்டை வரை தும்மல் கேட்கும். அவர் திருவொற்றியூரில் திறந்த ஜீப்பில் நின்று கையசைத்த காலையில், காசிமேட்டு ஏலத்தில் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த பதினோரு தொண்டர்களின் கைகள் தாமாக உயர்ந்து, வேண்டாத சங்கரா மீனெல்லாம் அவர்கள் தலையில் விழுந்தது. மேலிடத்திலிருந்து யார் வந்தாலும் ஜெகதீசன் குனிவார். நடுக்கடலில் வலை இழுத்துக்கொண்டிருந்தவர்களும் கரையைப் பார்த்துக் குனிந்தார்கள். கட்சி இதற்குக் கட்டுப்பாடு என்று பெயர் வைத்து, அவருக்கு ‘அசையாத் தூண்’ என்று பட்டமும் கொடுத்தது.

குப்பம்மாவின் புருஷன் ரகுபதி அந்தப் பதினோரு பேரில் ஒருவன். குப்பம்மா முகத்துவாரத்துச் சேற்று நண்டை விற்றுக் குடும்பம் நடத்தினாள். அந்த முகத்துவாரத்தைத்தான் சாம்பல் கொட்டி மேடாக்க வேண்டும் என்று ஒரு ரசாயனக் கம்பெனி கேட்டது. மேடானால் நண்டும் இல்லை, அடுப்பும் இல்லை. சாம்பல் அடிக்கிற லாரி காண்ட்ராக்ட் ஜெகதீசனின் மச்சானுக்கு என்று பேசி முடிந்திருந்தது.

கல்யாண மண்டபத்தில் கருத்துக்கேட்புக் கூட்டம் நடந்தது. எதிர்ப்பவர்கள் எழுந்து நிற்கலாம் என்றார் அதிகாரி. மீன் விற்கிற பெண்கள் நாற்பது பேர் எழுந்தார்கள். தலைவர் ஜெகதீசன் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். ஆகவே, அவருக்குப் பின்னால் முந்நூற்றுப் பன்னிரண்டு பேரும் உட்கார்ந்திருந்தார்கள்.

"இன்னாய்யா குந்திகினு கீறே? எய்ந்து நில்லு" என்றாள் குப்பம்மா.

ரகுபதி இரண்டு கையாலும் தொடையை அழுத்திப் பார்த்தான். வியர்த்ததே தவிர, கால் அசையவில்லை. "அவரு எய்ந்தாத்தான் என் காலு எய்ந்துக்கும். நான் இன்னா பண்ணட்டும், சொல்லு."

குப்பம்மா கூடையிலிருந்து முக்கால் கிலோ நண்டு ஒன்றை எடுத்து, கொடுக்கைக் கட்டியிருந்த சணலை அவிழ்த்தாள். புருஷனை ஒருமுறை பார்த்தாள்.

"பல்லக் கடிச்சுக்க."

"இன்னாத்துக்கு?"

குப்பம்மா முன்வரிசைக்குப் போய், தலைவர் உட்கார்ந்திருந்த பிளாஸ்டிக் நாற்காலியின் முதுகுச் சந்து வழியாக நண்டை உள்ளே விட்டாள். அசையாத் தூண் எழுந்தது. முந்நூற்றுப் பன்னிரண்டு பேரும் எழுந்தார்கள். தலைவர் "வேணாம், வேணாம்" என்று கத்த, மண்டபமே "வேணாம், வேணாம்" என்று கத்தியது. மக்கள் ஏகமனதாகவும் கண்ணீர் மல்கவும் எதிர்த்தார்கள் என்று அதிகாரி எழுதிக்கொண்டார். கம்பெனி வேறு கடற்கரை தேடிப் போயிற்று.

அதற்குப் பின் ஜெகதீசன் கல்லூரிகளில் அறத்துணிவு பற்றிப் பேசினார், நின்றபடியே. அடுத்து வந்த கம்பெனிக்கான கூட்டத்தில் குப்பம்மாவின் கூடையைக் கண்டதும், அதிகாரி வாயைத் திறக்கும் முன்பே எழுந்து எதிர்த்தார். கூடையில் அன்று வெண்டைக்காய்தான் இருந்தது. மூன்றாவது கூட்டத்துக்குக் குப்பம்மா வரவில்லை. தலைவர் நிம்மதியாகச் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். அப்போது ரகுபதி தானாகவே எழுந்தான். ஒவ்வொருவராக மற்றவர்களும் எழுந்தார்கள். கடைசியாகத் தலைவரின் கால்களும் அவரைக் கேட்காமல் எழுந்து நின்றன. அன்றிலிருந்து அங்கே அப்படித்தான் நடக்கிறது. யாரும் அதை அதிசயம் என்று சொல்வதில்லை.

கல்வெட்டுத் திறப்பு விழாவில் முதல் இரண்டு வரிசை நாற்காலிகளையும் முதுகுச் சந்து தெரியாதபடி துணி விரித்துப் போட்டிருந்தார்கள். யாரும் உட்காரவில்லை. தலைவருக்கும் தொண்டர்கள் முந்நூற்றுப் பன்னிரண்டு பேருக்கும் இடது பிட்டத்தில், ஒரே அளவில், ஒரு தழும்பு இருக்கிறது.