சில்லு பதில் சொல்ல எடுத்த நேரம்

இப்றாஹிம் தான் ஓட்டும் பொலன்னறுவை பஸ்ஸைச் சந்தியில் நிறுத்திவிட்டு வீட்டுக்கு வந்தபோது அவன் தோளில் ஒரு இரும்புப் பெட்டி இருந்தது. வாசலில் இறக்கி வைத்ததும் உள்ளேயிருந்து உமியும் தூசும் கொட்டின.

"என்னது இது?" என்று கேட்டாள் மனைவி ஸுஹைனா. இடுப்பில் ஏழு மாதக் குழந்தை நிஸ்றா.

"கொம்பியூட்டர். மூடின அரிசி மில்லில மூடை நிறுக்கிற தராசோட கிடந்த. பழைய இரும்புக்குப் போடப் போனானுகள். நீ படிச்ச ஆள்தானே, பாக்கட்டும் எண்டு கேட்டு வாங்கிட்டு வந்தன்."

ஸுஹைனா வந்தாறுமூலைப் பல்கலைக்கழகத்தில் கணினி விஞ்ஞானம் படித்தவள். குழந்தை பிறக்கும்வரை கொழும்புக் கம்பனி ஒன்றுக்கு வீட்டிலிருந்தே வேலை செய்தாள். தொலைபேசி அப்களைப் பரிசோதிக்கும் வேலை. அவள் பார்த்த நிரல்கள் எங்கோ கண்காணாத இயந்திரங்களில் ஓடின. அந்த இயந்திரங்களில் ஒன்றைக்கூட அவள் திறந்து பார்த்ததில்லை.

அன்று பின்னேரம் குழந்தை தூங்கியதும் பெட்டியின் மூடியைக் கழற்றினாள். எலி கட்டிய கூட்டை அள்ளி எறிந்து, பெயின்ற் அடிக்கும் தூரிகையால் தூசைத் தட்டினாள். நடுவில் சதுரமாக ஒரு சில்லு, கணினியின் மூளையான செயலி. 486 என்று போட்டிருந்தது. பலகையின் ஓரத்தில் 1994. அவளைவிட ஒரு வயது மூத்தது. நினைவகம் பதினாறு மெகாபைட். அவளுடைய மடிக்கணினியில் இருப்பது இதைப்போல் ஐந்நூறு மடங்கு.

அப்போதுதான் அந்த ஆசை வந்தது. இந்த வருடத்துக் கேர்னலை, இயங்குதளத்தின் அந்தக் கருவை, இதில் ஓட்டிப் பார்த்தால் என்ன? தொலைபேசிகளிலும் அறை நிறைய அடுக்கிய ராட்சதக் கணினிகளிலும் ஓடும் அதே கேர்னல். அதன் மூலநிரல் எல்லாருக்கும் பொதுவாகக் கிடக்கிறது. இந்தப் பழசுக்கு இன்னும் அதில் இடம் இருக்கிறதா?

சித்தாண்டியில் இருக்கும் கஜானியைத் தொலைபேசியில் பிடித்தாள். இருவரும் ஒரே வகுப்பில் படித்தவர்கள். கஜானி இப்போது பாடசாலைகளின் கணினிகளைப் பழுது பார்க்கிறாள்.

"உனக்கென்ன விசர் பிடிச்சிட்டாகா?" என்றாள் கஜானி. பிறகு, "மொனிட்டர் வேணுமா?" என்று கேட்டாள்.

அடுத்த நாளே ஸ்கூட்டியில் ஒரு பழைய மொனிட்டரையும், ஹார்ட் டிஸ்க் இருக்கும் இடத்தில் நினைவக அட்டையைச் செருகுவதற்கான சின்னப் பலகையையும் கொண்டுவந்து கொடுத்தாள்.

வேலை எல்லாம் நிஸ்றாவின் பின்னேரத் தூக்கத்துக்குள்தான் நடந்தது. ஸுஹைனா கேர்னலில் இந்தப் பெட்டிக்கு வேண்டாததை ஒவ்வொன்றாகக் கழித்தாள். கமெரா வேண்டாம், வைஃபை வேண்டாம், ஆயிரம் வகைக் கருவிகள் வேண்டாம். மிஞ்சியதை மடிக்கணினியில் இயந்திரமொழியாகக் கட்டியெடுத்து, அட்டையில் ஏற்றி, பெட்டியில் செருகி மின் ஆளியைப் போட்டாள். திரையில் வெள்ளை எழுத்துகள் வரிவரியாக ஏறின. ஒரு வரியில் நின்றன. செயலியின் வேகத்தைக் கணக்கிடுவதாகச் சொன்ன அந்த வரியின் முடிவில் மூன்று புள்ளிகள். அதற்குப் பிறகு ஒன்றுமில்லை.

அந்த மூன்று புள்ளிகளைப் பன்னிரண்டு நாள் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஏன் நிற்கிறது என்பது விளங்கியது. கணினிக்குள் ஒரு மணிக்கூட்டுச் சில்லு செக்கனுக்குப் பல தடவை தட்டும். அந்தத் தட்டலைச் செயலியிடம் கொண்டுபோய்ச் சொல்வது இன்னொரு சில்லு, தூதுவன் மாதிரி. வேகத்தை அளக்கக் கேர்னல் அடுத்த தட்டலுக்காகக் காத்திருக்கிறது. தட்டல் வரவில்லை. ஏன் வரவில்லை என்பதுதான் பிடிபடவில்லை.

"சில்லு செத்துப்போயிருக்கும், விடுகா," என்றாள் கஜானி.

"சாகல்ல. பழைய டொஸ் இயங்குதளத்தப் போட்டா நேரம் ஒழுங்கா ஓடுது. அதுக்குப் பேசுது, இதுக்குப் பேசுதில்ல."

பதின்மூன்றாம் நாள் வேறு வழியில் இறங்கினாள். கேர்னல் தூதுவன் சில்லைத் தொடும் இடங்களில் எல்லாம் ஒரு எழுத்தைத் திரையில் போடச் சொல்லி எழுதினாள். முதல் இடத்தில் A, அடுத்ததில் B. ஒவ்வொரு தடவையும் திரும்பக் கட்டி, அட்டையை மாற்றி, ஆளியைப் போட வேண்டும். குழந்தை விழித்தால் அத்தோடு நிறுத்த வேண்டும். நான்கு நாளில் அந்த இடம் அகப்பட்டது.

இந்தக் காலத்து இயந்திரங்கள் சிலவற்றில் தூதுவன் சில்லே கிடையாது. அதனால் புதிய கேர்னல் முதலில் அது இருக்கிறதா என்று சோதிக்கிறது. ஒரு எண்ணை எழுதி, உடனே திரும்ப வாசிக்கிறது. அதே எண் வந்தால் சில்லு இருக்கிறது. இந்தப் பெட்டியின் சில்லோ மெதுவானது. எழுதிய எண் பதியுமுன்பே கேர்னல் வாசித்துவிட்டது. வேறு ஏதோ எண் வர, சில்லு இல்லை என்று முடிவு கட்டிவிட்டு, அந்தச் சில்லு மட்டுமே கொண்டுவரக்கூடிய தட்டலுக்காகக் காத்துக்கொண்டிருந்தது.

அதே கோப்பில், சில வரிகளுக்குக் கீழே, அதே சில்லுக்கு எழுதும் இன்னொரு இடம் இருந்தது. அங்கே ஒவ்வொரு எண்ணை எழுதிய பிறகும் சின்னதாக ஒரு காத்திருப்பு. மேலே ஒரு குறிப்பு: இங்கே கொஞ்சம் பொறுக்கவும், பழைய பலகைகளில் இந்தச் சில்லு சுணங்கித்தான் பதில் சொல்லும்.

ஸுஹைனா அதைத் திரும்பத் திரும்ப வாசித்தாள். எழுதியவரின் பெயர் இல்லை. கோப்பின் மாற்ற வரலாற்றைத் தோண்டிப் பார்த்தாள். பதிவுகள் தொடங்குவதற்கு முன்பே அந்தக் குறிப்பு அங்கே இருந்தது. யாரோ, எந்த நாட்டிலோ, அவள் தவழ்ந்து திரிந்த காலத்தில், இதே மாதிரி ஒரு பெட்டிக்கு முன்னால் இருந்து தலையைப் பிய்த்துக்கொண்டு இருந்திருக்கிறார். பின்னால் வருபவர்கள் தடுக்கி விழாமல் இருக்க ஒரு வரி எழுதி வைத்திருக்கிறார். பிறகு எத்தனையோ ஆயிரம் பேர் அந்தக் கோப்புக்குள் கை வைத்திருக்கிறார்கள். ஒருவரும் அந்த வரியை அழிக்கவில்லை.

அவள் செய்த திருத்தம் மிகச் சிறியது. எழுதியதற்கும் வாசிப்பதற்கும் நடுவில் ஒரு மைக்ரோ செக்கன். செக்கனைப் பத்து இலட்சமாகப் பங்கு போட்டால் அதில் ஒன்று.

வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகை முடிந்து இப்றாஹிம் வந்திருந்தான். கஜானியும் வந்து நிஸ்றாவை மடியில் வைத்திருந்தாள். ஸுஹைனா பிஸ்மி சொல்லி ஆளியைப் போட்டாள்.

எழுத்துகள் ஏறின. மூன்று புள்ளிகள் வந்தன. புள்ளிகளுக்குப் பக்கத்தில் ஒரு எண் வந்தது: 33.07.

"ஆ!" என்றாள் கஜானி.

அதற்குப் பிறகு வரிகள் நிற்கவில்லை. நினைவகம் இவ்வளவு என்றது. விசைப்பலகையைக் கண்டேன் என்றது. தராசு பூட்டும் துளையைக்கூடக் கண்டுபிடித்துச் சொன்னது. ஒவ்வொரு வரியையும் பெட்டி மெல்ல மெல்ல, மூச்சு வாங்குவதுபோல் எழுதியது. கடைசியில் ஒரு சின்னக் கோடு, கட்டளைக்காகக் கண் சிமிட்டிக்கொண்டு நின்றது.

நிஸ்றாகூடத் திரையையே பார்த்தாள்.

"இதுதான் என்ட ஃபோனுக்குள்ள ஓடுறதும் எண்டுறியா?" என்று இப்றாஹிம் மெதுவாகக் கேட்டான்.

"ஓம். அதே கேர்னல்தான். ஃபோனில ஓடுறது கொஞ்சம் பழசு. இது இந்த மாசத்தது."

அவன் தன் தொலைபேசியை எடுத்துப் பார்த்தான், பெட்டியைப் பார்த்தான். "மாஷா அல்லாஹ்," என்றான். பிறகு, "திகதி என்ன காட்டுது?"

ஸுஹைனா தட்டிப் பார்த்தாள். பெட்டிக்குள் இருந்த பற்றரி எப்போதோ செத்திருந்தது. "எண்பதாம் ஆண்டு, ஜனவரி ஒண்டு."

"அப்ப நாம மூணு பேரும் இன்னும் பிறக்கல்ல," என்றான். கஜானி சிரித்த சிரிப்பில் குழந்தையும் சிரித்தது.

திருத்தத்தைக் கேர்னலைப் பராமரிப்பவர்களுக்கு அனுப்பச் சொன்னது கஜானிதான். ஸுஹைனாவுக்குத் தயக்கம். மின்னஞ்சலை ஆறு தடவை எழுதி அழித்தாள். அனுப்பிய மூன்றாம் நாள் ஒருவர் பதில் போட்டார்: காரணத்தை இன்னும் விளக்கமாக எழுதவும். எழுதினாள். இரண்டு கிழமை கழித்து அது ஏற்கப்பட்டது. கோடிக்கணக்கான இயந்திரங்களுக்குப் போகும் அந்த நிரலில் அவளுடைய ஒரு வரி சேர்ந்தது. அதற்கு மேலே அவள் எழுதிய குறிப்பு, ஏன் பொறுக்க வேண்டும் என்று.

ஒரு மாதம் போனது. சிலி நாட்டிலிருந்து முன்பின் தெரியாத ஒருவரின் மின்னஞ்சல் வந்தது. ஒரு வானிலை நிலையத்தின் பழைய கணினி அவரிடம் இருக்கிறதாம். மூன்று வருடமாக அதே மூன்று புள்ளிகளில் நின்றதாம். இன்று காலை அது பேசியது என்று எழுதியிருந்தார். கீழே படமும் வைத்திருந்தார்: மரமேசை, மங்கிய திரை, வெள்ளை வரிகள்.

ஸுஹைனா அதை இப்றாஹிமுக்கு வாசித்துக் காட்டினாள்.

"சிலி எங்க கிடக்கு?"

"பூமிக்கு மத்தப் பக்கம்."

அவன் படத்தைப் பெரிதாக்கி வெகுநேரம் பார்த்தான். "அந்த ஆளுக்கும் புள்ளகுட்டி இருக்குமா?"

"தெரியாது," என்றாள் ஸுஹைனா. "கேட்டு எழுதுறன்."