மூன்றாம் கிண்ணம்

சட்டையை மூக்கருகே கொண்டுபோன வெரோனிகா சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பிறகு மறுபடியும் முகர்ந்தாள்.

அப்பாவின் நீலக் கோடு போட்ட சட்டை. கட்டிலுக்கு அடியில் சுருண்டு கிடந்தது. மார்புப் பக்கம் முழுக்கப் பழுப்புக் கறை. வியர்வை இல்லை, மருந்தும் இல்லை. கருவாட்டு வாடை, அதோடு ஏதோ கொழுப்பை உருக்கினாற்போல ஒரு பிசுக்கு.

கதவுக்கு அந்தப் பக்கம், ஹாலில், அப்பா சவரிமுத்து பெட்டிக்குள் படுத்திருந்தார். தலைமாட்டில் இரண்டு மெழுகுவர்த்திகள். நேற்று மாலை நான்கு மணிக்கு நாற்காலியில் உட்கார்ந்தபடியே போய்விட்டார். இன்று இரண்டு மணிக்கு ஃபாதர் வருவார். ஜெபம் முடிந்ததும் பெட்டியை மூடிவிடுவார்கள். இப்போது மணி பதினொன்றரை.

இரண்டரை மணி நேரம் இருந்தது.

வெரோனிகா ஈப்போவிலிருந்து வந்து இறங்கியதுமே அப்பாவின் கையைத்தான் பார்த்தாள். குச்சி குச்சியாக விரல்கள். கிறிஸ்மஸுக்கு வந்தபோது இப்படி இல்லை. ஐந்து மாதத்தில் ஒரு மனிதர் இவ்வளவு உருகுவாரா? இதயம் பலவீனம், உப்பைக் குறைக்கச் சொல்லியிருந்தார் டாக்டர். சரி. ஆனால் சாப்பாடு போட்டார்களா?

ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் போனில் கேட்பாள். "சாப்டீங்களாப்பா?" "சாப்டேம்மா." கடைசி மூன்று வாரமும் பேச்சைப் பாதியில் முறித்துக்கொண்டார். "ஆறு நிமிசம் ஆயிருச்சும்மா. ஒங்க அண்ணி கூப்புடுறா, வைக்கிறேன்." எதற்கு ஆறு நிமிடம்? யார் போட்ட கணக்கு அது?

சட்டையைப் பிளாஸ்டிக் பையில் போட்டுக்கொண்டு பின்கட்டுக்குப் போனாள். பக்கத்து வீட்டு மணியம்மா, துக்கத்துக்கு வந்தவர்களுக்காகத் தன் அடுப்பில் கோப்பி கலக்கிக்கொண்டிருந்தாள்.

"மணியம்மாக்கா, அப்பா கடைசியா என்னா சாப்புட்டாரு?"

மணியம்மா அக்கம்பக்கம் பார்த்தாள். "நான் எதுவும் சொல்லல லா. நீ கேக்குற, சொல்றேன். காலையில கொழுந்து பறிக்கப் போறப்ப சன்னல் வழியா பாப்பேன். ஒங்க அண்ணி பழுப்புத் தண்ணிய கிண்ணம் கிண்ணமா கொண்டாந்து முன்னால வப்பா. கெழவரு வாயில ஊத்திக்கிட்டு மூஞ்சியச் சுளிப்பாரு. கஷாயமாடின்னு கேட்டேன். இல்லன்னுட்டா. அவ்ளோதான், கதவச் சாத்திட்டா."

"தெனமுமா?"

"ஒரு மாசமா." மணியம்மா கரண்டியால் கொல்லையைக் காட்டினாள். "நாயி மட்டும் பளபளன்னு இருக்கு பாரு."

பலாமரத்தடியில் கட்டியிருந்த நாய் தலையைத் தூக்கிப் பார்த்தது. பெயர் கோப்பி. தேயிலை ஃபெக்டரியில் வேலை பார்த்தவர் நாய்க்கு ஏன் அப்படிப் பெயர் வைத்தார் என்று கேட்டால், "வீட்ல ஒண்ணாவது தேயிலையா இல்லாம இருக்கட்டுமே" என்பார் அப்பா. பதினோரு வயது நாய்க்கு உடம்பில் எண்ணெய் தடவியதுபோல மினுமினுப்பு. அப்பாவின் விரல்கள் வெரோனிகாவின் கண்முன் வந்து போயின.

சமையலறைக்குள் நுழைந்தாள். சாவு வீட்டில் அடுப்பு மூட்டவில்லை. பாத்திரமெல்லாம் கழுவிக் கவிழ்த்திருந்தது. மேல்தட்டில் நான்கு வெள்ளைக் கிண்ணங்கள், வேறெதனோடும் சேராமல் தனியாக. ஒவ்வொன்றின் அடியிலும் பிளாஸ்டர் ஒட்டி எண் எழுதியிருந்தது. கழுவுதொட்டிக்குக் கீழே ரப்பர் வளையம் போட்ட சிறு பைகள். ஒன்றைப் பிரித்தாள். உருண்டை உருண்டையாகப் பழுப்புத் துண்டுகள்.

அதே வாடை. நாய்த் தீனி.

பையைக் கையோடு எடுத்துக்கொண்டாள்.

அண்ணன் எட்ரியன் வாசலில் தன் லோரிப் பக்கம் நின்று, குழி தோண்டுபவர்களோடு போனில் பேசிக்கொண்டிருந்தான். கோலா தெர்லாவிலிருந்து கோலாலம்பூருக்குக் காய்கறி ஏற்றிப் போகிறவன். வாரத்தில் நான்கு நாள் வீட்டில் இருக்க மாட்டான்.

"அண்ணே, பெட்டிய மூட வேணாம்."

"என்னா?"

"போலீஸ்ல சொல்லி அப்பாவ ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போவணும். அறுத்துப் பாக்கணும்."

எட்ரியன் போனை இறக்கினான். "பைத்தியமா ஒனக்கு? டாக்டரு வந்து பாத்து ஹார்ட்டுன்னு எழுதிக் குடுத்துட்டாரு. காலையிலயே பொதைக்கிறதுக்குப் பெர்மிட்டு எடுத்தாச்சு."

"அண்ணி அப்பாக்கு என்னா குடுத்தாங்கன்னு ஒனக்குத் தெரியுமா?"

 லோரி டயரில் ஒட்டியிருந்த மண்ணைச் செருப்பால் தட்டினான். தெரியாதா, தெரிந்தும் சொல்லவில்லையா என்று வெரோனிகாவால் கண்டுபிடிக்க முடியவில்லை.

"அவளையே கேளு" என்றான் கடைசியில்.

அண்ணி ரோஸ்மேரி அப்பாவின் அறையில் இருந்தாள். பெட்டிக்குள் போர்த்த வேண்டிய வெள்ளை லேஸ் துணியை மடித்துக்கொண்டிருந்தாள். அழுது வீங்கிய கண்கள்தான். ஆனால் அழுவது யாருக்கும் வரும் என்று வெரோனிகாவுக்குத் தோன்றியது.

தீனிப் பையைக் கட்டிலில் வீசினாள். "இது என்னா அண்ணி?"

"நாய் சாப்பாடு."

"அப்பா சட்டையில எப்பிடி வந்துச்சு?"

ரோஸ்மேரியின் விரல்கள் லேஸ் துணியில் நின்றன. "மாமா கேட்டாரு. சுடுதண்ணியில ஊற வச்சிக் குடுத்தேன்."

"நாய் சாப்பாட்ட அப்பா கேட்டாரா? குடிச்சாரா?"

"குடிக்கல. வாயில வச்சிட்டுத் துப்பிருவாரு."

"துப்பத் துப்ப ஊத்தியிருக்கீங்க!"

ஹாலில் ஜெபமாலை சொல்லிக்கொண்டிருந்த குரல்கள் ஒவ்வொன்றாக அடங்கின. ரோஸ்மேரி கதவைப் பார்த்தாள். "மெதுவா பேசு. வெளிய ஆளுங்க."

"கேக்கட்டும். எதுக்கு ஊத்துனீங்க? அத சொல்லுங்க."

"சொல்லக் கூடாது."

"யாரு சொன்னா கூடாதுன்னு?"

ரோஸ்மேரி ஹால் பக்கம், பெட்டி இருந்த திசையில் ஒரு முறை பார்த்தாள். உதட்டை இறுக்கிக்கொண்டாள். அந்த இறுக்கம்தான் வெரோனிகாவை உடைத்தது.

"கொன்னுட்டீங்க. எங்கப்பாவ நீங்கதான் கொன்னுட்டீங்க."

யாரோ ஹாலில் "ஏசுவே" என்றார்கள். ரோஸ்மேரி லேஸ் துணியை மறுபடி மடிக்கத் தொடங்கினாள். விளிம்புகள் சேரவில்லை. பிரித்து மடித்தாள். அப்போதும் சேரவில்லை.

வெரோனிகா போனை எடுத்துக்கொண்டு வெளியே நடந்தாள். லைன் வீடுகளுக்குள் கவரேஜ் கிடைக்காது. தேயிலை மேட்டில் ஏறினால்தான் கிடைக்கும். ஏறினாள். மேகம் புதர்களின் மேல் உரசிக்கொண்டு போனது. திரையில் இரண்டு கோடுகள் தெரிந்தன. போலீஸ் நிலையத்தின் எண்ணைத் தேடிக்கொண்டிருந்தபோது மண்பாதையில் ஒரு வேன் ஏறி வந்து நின்றது.

கண்ணாடி இறங்கியது. கம்போங் ராஜாவில் மளிகைக் கடை வைத்திருக்கும் ஜப்பார். தலையில் வெள்ளைத் தொப்பி.

"சவரிமுத்து அண்ணன் மவதானே? ஈப்போ தங்கச்சி? இப்பதான்மா கேள்விப்பட்டேன். மனசே சரியில்ல." பக்கத்து இருக்கையிலிருந்து மூன்று பைகளுக்குள் சுற்றிய ஒரு பொட்டலத்தை நுனிவிரலால் தூக்கினார். "பாருங்க, அஞ்சாம் நம்பரு இன்னைக்குத்தான் வந்துச்சு. அதுக்குள்ள மனுசன் போய்ட்டாரே."

"அஞ்சாம் நம்பரா?"

"நாய்ச் சாப்பாடும்மா. நம்ம கடையில பூனைக்குள்ளதுதான் விப்பேன், இத விக்கிறதில்ல. பிரிஞ்சாங் டவுன்ல ஒரு கடைக்காரன் விதவிதமா வச்சிருக்கான். அவன்கிட்ட ஒவ்வொண்ணுலயும் ஒரு கைப்பிடி வாங்கியாடான்னு உசுர எடுத்தாரு ஒங்கப்பா. அண்ணே, நான் தொழுவுறவன், என்னைப் போயி நாய்ச் சாப்பாடு தூக்க வைக்கிறீங்களேன்னேன். தொடாத, தூக்கியா போதும்னுட்டாரு."

வெரோனிகாவின் விரல் திரையில் நின்றது. "எதுக்கு கைப்பிடி?"

"டேஸ்ட் பண்ணத்தான்!" ஜப்பார் சிரிக்கப் போய், துக்கத்துக்கு வந்திருப்பது நினைவு வந்து நிறுத்திக்கொண்டார். "முப்பது வருசம் ஃபெக்டரி டேஸ்டிங் ரூம்ல தொரைக்குக் கிண்ணம் வச்சவரு இல்லியா. தேயிலையப் பாக்குற மாரியேதான் இதையும் பாத்தாரு. கிண்ணத்துல போட்டு கொதிக்கிற தண்ணி ஊத்தி ஆறு நிமிசம். அப்புறம் சாயத்தப் பாப்பாரு, மோந்து பாப்பாரு, கரண்டியில உறிஞ்சி நாக்குல வச்சித் துப்பிருவாரு. பாக்கெட்ல கோழி படம் போட்டா உள்ள கோழி இருக்கான்னு சுடுதண்ணிதான் சொல்லும்பாரு. இந்தாளு நாய்க்கு டேஸ்டரு, நாயி சும்மா வால ஆட்டுது."

வெரோனிகா போனை இறக்கினாள்.

"கையி நடுங்குது, கிண்ணத்தத் தூக்க முடியல. மருமவதான் ஊத்திக் குடுக்கும். அதுக்கு நாயின்னாலே ஆவாது, கிட்ட வந்தா நாக்காலி மேல ஏறிரும். ஆனா மாமனாருக்காக செஞ்சிச்சு. மாமா, உப்பு இருக்கு, முழுங்கிறாதீங்கன்னு பக்கத்துலயே நிக்கும். எல்லாரும் சிரிப்பாங்கன்னு கதவ வேற சாத்திக்குவாங்க, மாமனும் மருமவளும்."

"ஏன் இப்பிடி... திடீர்னு?"

"கிறிஸ்மஸுக்கு அப்புறம் நாய்க்கு ஒடம்பெல்லாம் அரிப்பும்மா. முடி கொத்துக் கொத்தா கொட்டிருச்சு. கோழியும் பூசணியும் அவிச்சிப் போட்டுத்தான் தேத்துனாரு. நான் போய்ட்டா யாரு அவிச்சிப் போடுவா, ஏதாச்சும் ஒரு நல்ல பாக்கெட்டப் பாத்து வச்சிட்டுப் போவணும்னாரு. எல்லாத்தையும் காலெண்டர்ல எழுதி வச்சிருப்பாரு, பாருங்க."

கிறிஸ்மஸ். ஈப்போ பேரங்காடியில், சிரிக்கும் நாய்ப் படம் போட்ட பத்துக் கிலோ மூட்டையைத் தோளில் சுமந்து பேருந்து ஏறியது வெரோனிகாவுக்கு நினைவு வந்தது.

அப்பாவின் அறை காலியாக இருந்தது. கட்டிலுக்கு மேலே ஆணியில் மாதக் காலெண்டர். ஜனவரித் தாளைக் கிழித்தெடுத்துத் திருப்பினாள். பின்பக்கத்தில், டேஸ்டிங் ரூமில் எழுதிப் பழகிய சின்னச் சின்ன எழுத்து.

*1. மீன் வாசம் நெசம். உப்பு கூட. வயசான நாய்க்கு ஆவாது.*

*2. வெறும் சோள மாவு. அடியில மண்டி.*

*3. வெரோனிகா வாங்கியாந்தது. மூணு நிமிசத்துலயே செவப்புச் சாயம். அரிப்பு இதனாலதான். அவகிட்ட யாரும் சொல்லக் கூடாது. ஆசையா தூக்கியாந்தா. ரோஸ்மேரிகிட்ட சொல்லியாச்சு.*

*4. கோழிதான். சாயம் வெளுப்பு, வாசம் சுத்தம். போடலாம்.*

*5. ஜப்பார் கொண்டாரணும்.*

மூன்றாவது வரியை அவள் மறுபடியும் படித்தாள். வெளியே ஃபாதரின் கார்க் கதவு சாத்தும் சத்தம் கேட்டது.

எட்ரியன் எட்டிப் பார்த்தான். "போன் பண்ணிட்டியா?"

"இல்லண்ணே."

அவன் அவள் கையிலிருந்த தாளைப் பார்த்தான், என்னவென்று கேட்கவில்லை. "வா. மூடப் போறாங்க."

ரோஸ்மேரி ஹாலில் இல்லை. வெரோனிகா கொல்லைக்கு ஓடினாள். பலாமரத்துக்கு எட்டு அடி தள்ளி, கறுப்புச் சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு நின்றாள் ரோஸ்மேரி. தீனித் தட்டைத் தரையில் வைத்து, துடைப்பக் கட்டையால் நாயின் பக்கம் தள்ளிக்கொண்டிருந்தாள். கோப்பி எழுந்ததும் இரண்டடி பின்னால் குதித்தாள். பிறகு மறுபடியும் தள்ளினாள்.

"அண்ணி..."

ரோஸ்மேரி திரும்பினாள். வெரோனிகாவின் கையிலிருந்த காலெண்டர் தாள் அவள் கண்ணில் பட்டது.

"அண்ணி, நான்..."

"ஃபாதரு வந்துட்டாரு" என்றாள் ரோஸ்மேரி. துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு உள்ளே போனாள்.

ஜெபம் முடிந்தது. லேஸ் துணியை ரோஸ்மேரி ஒரு பக்கமும் வெரோனிகா மறுபக்கமும் பிடித்து விரித்தார்கள். துணிக்கு மேலே ரோஸ்மேரியின் கண்கள் ஒருமுறைகூட நிமிரவில்லை. ஹாலில் இருந்தவர்கள் வெரோனிகாவுக்கு மட்டும் கொஞ்சம் இடம் விட்டுத் தள்ளி நின்றார்கள். மணியம்மாவும் அவர்களோடுதான் நின்றாள்.

கல்லறையில் தூறல் பிடித்துக்கொண்டது. மண் போட்டார்கள். எட்ரியன் லோரியைக் கிளப்பினான்.

வீடு திரும்பியபோது வாசலில் பெரிய வாளி நிறையத் தண்ணீர் இருந்தது. மணியம்மா கிளம்பும்போதே அதில் மஞ்சளைக் கரைத்து வைத்திருந்தாள். கிறிஸ்தவர் வீடு என்று யாரும் ஒன்றும் சொல்லவில்லை. லோரியிலிருந்து முதலில் இறங்கிய ரோஸ்மேரி குவளையை எடுத்துக்கொண்டு நின்றாள். ஒவ்வொருவராகக் கையையும் காலையும் நீட்ட, ஒவ்வொருவருக்கும் மொண்டு ஊற்றினாள். எட்ரியனுக்கு ஊற்றினாள். ஜப்பாருக்கு ஊற்றினாள். மணியம்மாவுக்கும் ஊற்றினாள்.

கடைசியாக வெரோனிகா வந்து நின்றாள். விரலிடுக்கெல்லாம் சிவப்பு மண். இரண்டு கைகளையும் சேர்த்து நீட்டினாள்.

ரோஸ்மேரி குவளையில் தண்ணீர் மொண்டாள். ஒரு கணம் அதைப் பிடித்துக்கொண்டே நின்றாள். பிறகு வாளியின் விளிம்பில் வைத்து, கைப்பிடியை வெரோனிகாவின் பக்கம் திருப்பிவிட்டு, படியேறி உள்ளே போனாள்.